கீழே அரைப் பக்கம் விடுவார்

கண்டியில் என்னைப் போலப் பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் சொன்ன பொய்யைத் தேதி போட்டு, பெயர் போட்டு, அச்சடித்தது மாதிரிக் கையெழுத்தில் இன்னொருவர் எழுதிப் பாதுகாத்த பெருமை எனக்குத் தெரிந்து எனக்கு மட்டும்தான்.

எழுதியவர் ஒரு அக்கா. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ஸ்டேஷன் பக்கம் போகிற வழியில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு அலுமாரி, ரெண்டு பிளாஸ்டிக் கதிரை. இவ்வளவும் உள்ளே போன பிறகு மிஞ்சிய இடத்தில் அக்கா இருந்தார். மெலிந்தவர் என்பதால் சமாளித்தார். இப்போது அங்கே கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். அக்கா மகளோடு கலகெதரைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கேள்விதான். போய்ப் பார்க்கிற முகம் எனக்கில்லை.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் கேட்கிற காலத்தில் அந்தக் கடை வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. விண்ணப்பத்தில் எந்தப் பாடம், எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்று ஆசைப்பட்ட வரிசையில் எழுத வேண்டும். மேலே எழுதியதை முதலில் பார்ப்பார்கள். புள்ளி போதுமென்றால் அங்கேயே கதை முடிந்தது. கீழே எழுதியதற்காக நீங்கள் நேர்த்தி வைத்து மொட்டை போட்டிருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒரு பிள்ளையின் நாலு வருடம், சில நேரம் நாற்பது வருடம், எதை எதற்கு மேலே எழுதுகிறோம் என்பதில் இருந்தது.

அரசாங்கம் இதற்கென்று ஒரு தடித்த கைநூல் தரும். அதில் பாடமும் இலக்கமும் இருக்கும். விடுதியில் தண்ணீர் வருமா, சோற்றில் கல் இருக்குமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கோயிலோ சேர்ச்சோ பள்ளிவாசலோ நடக்கிற தூரத்தில் உண்டா என்பதெல்லாம் இருக்காது. அதற்குத்தான் அக்காவின் சீ.ஆர். கொப்பி. நீளமான, கட்டி மட்டை போட்ட, வகுப்பு மொனிட்டர் கையில் இருக்குமே, அந்தக் கொப்பி. எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து எந்தப் பிள்ளை லீவில் வந்தாலும் அக்கா பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

அதற்கொரு முறை இருந்தது. நீங்கள் சொல்வதை அப்படியே, நீங்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவார். முடிந்ததும் தொடக்கத்திலிருந்து உங்களுக்கே வாசித்துக் காட்டுவார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சரியா?" என்பார். நீங்கள் "சரி" என்றால் ஓரத்தில் ஒரு சரி அடையாளம் விழும். கீழே சொன்னவர் பெயர், படிக்கிற பாடம், எத்தனையாம் வருடம். அதற்கும் கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார்.

"அது எதுக்கக்கா, பேப்பர் வீணாகுதே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மனுசனுக்குப் பொறகு ஞாபகம் வரும். வந்து சொன்னா எழுதணும்ல?"

கொப்பி திறந்திருந்தால் பத்து வயதுப் பிள்ளையானாலும் "நீங்க". மூடிவிட்டால் பழையபடி "ஏன்டா, சாப்பிட்டியா?"

திகனப் பக்கத்து முஸ்லிம் பையன் ஒருவன் தெற்கே படித்துக்கொண்டிருந்தான். நோன்பு லீவுக்கு வந்தவனைப் பிடித்தார். அவன் பேச்சில் அக்கா 'ராத்தா', இருக்கு 'ஈக்கி'.

"சாப்பாடு எப்பிடி?"

"கோழி ஈக்கி ராத்தா."

அக்கா எழுதி, வாசித்தார். "'கோழி ஈக்கி.' சரியா?"

பையன் தலையைச் சொறிந்தான். "ஈக்கி. ஆனா ஒரு துண்டுதான்."

"'ஆனா ஒரு துண்டுதான்.' சரியா?"

"அதும் வெள்ளிக்கெழம மட்டுந்தான் ராத்தா."

"'அதும் வெள்ளிக்கெழம மட்டுந்தான்.' சரியா?"

"கழுத்துத் துண்டு," என்றான் பையன், குரல் உடைந்து.

இப்படித்தான். முதலில் எல்லாரும் பெரிதாகத்தான் ஆரம்பிப்பார்கள். தன் சொல்லைத் தன் காதாலேயே கேட்கும்போது பெரும்பாலானவர்களுக்கு உள்ளே எதுவோ கூசும். உண்மை மெதுவாகத் துண்டு துண்டாக வரும். எனக்குத்தான் அந்தக் கூச்சம் கொஞ்சம் தாமதம். ஏழெட்டு வருடத் தாமதம்.

"யாரோ சொன்னாங்க" என்ற பேச்சு அக்காவிடம் எடுபடாது. "யாரோன்னு ஒரு ஆள் கண்டியில இல்ல. பேரச் சொல்லுங்க," என்பார். கொப்பி தொடங்கியதே அந்த யாரோவால்தான். தெல்தெனியப் பையன் ஒருவனுக்கு, யாரோ சொன்னதை நம்பி அக்கா ஒரு விண்ணப்பம் நிரப்பினாராம். போன பையன் ஒரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து, கடை வாசலில் நின்று, "அக்கா, அங்க அந்தப் பாடமே தமிழ்ல இல்லக்கா," என்றானாம். அக்கா இதைச் சொல்லும்போது அவன் பெட்டியின் நிறத்தையும் சொல்வார். பச்சை.

ஒரு தடவை அளவு நாடாவோடு ஒரு அதிகாரி வந்து, கடைப் பலகை நடைபாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதாகச் சத்தம் போட்டார். நாளைக்குள் கழற்றாவிட்டால் மெஷினையும் சேர்த்து லொறியில் ஏற்றுவேன் என்றார். எல்லாம் சிங்களத்தில். அக்கா கொப்பியைத் திறந்து, சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, எழுத்துப் பிசகாமல் அவருக்கே வாசித்துக் காட்டி, பெயரும் பதவியும் கேட்டார். அந்த மனிதர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லவில்லை தங்கச்சி, சும்மா ஒரு பேச்சுக்கு," என்று போனார். அதையும் எழுதினார். கீழே அரைப் பக்கம் விட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் கடைக்கு வருவார். ரொம்பக் குறைவாகப் பேசுகிற மனிதர். காரணத்தை நான் கேட்கவில்லை, ஊகித்துக்கொண்டேன்.

மகள் தர்ஷினி என்னைவிட ஒரு வகுப்புக் குறைவு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, சீருடையோடே மெஷினுக்குப் பேப்பர் போடுவாள். அம்மாவின் தொண்டை கட்டிய நாட்களில் கொப்பியை வாசித்துக் காட்டுகிற வேலை அவளுடையது. அவள் வாசித்தால் செய்தி. "வணக்கம். முதலில் தலைப்புச் செய்திகள். கோழி இருக்கிறது. ஆனால் ஒரு துண்டுதான்." வரிசையில் நிற்கிறவர்கள் சிரித்து முடிக்கும்வரை முகத்தை அசைக்க மாட்டாள். வானொலியில் செய்தி வாசிப்பதுதான் அவளுடைய ஆசை. விளையாட்டு ஆசை இல்லை. பின்னால் இருந்த அலுமாரிக் கதவில் உதட்டுப் பயிற்சி அட்டவணை ஒட்டி வைத்திருந்தாள்.

என் விண்ணப்பத்தை நிரப்பியதும் அக்காதான். என் புள்ளியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. வராதவர்களின் இடங்களை நிரப்ப இன்னொரு பட்டியல் விடுவார்கள். அதிலும் இல்லை. அப்பா யாரிடமோ விசாரித்து என்னைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கியல் டிப்ளோமாவுக்குச் சேர்த்துவிட்டார். காலி நகருக்குப் போகிற வீதியில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடி. விரிவுரை நடக்கும்போது கீழேயிருந்து "அக்கா, உள்ள வந்து பாருங்க" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் இன்றைக்கும் கணக்கில் ஐந்தொகை என்றால் காஞ்சிபுரம் சேலை என்று நினைக்கிறவன்.

முதல் லீவில் வந்தபோது கடையைத் தாண்டிப் போனேன். அக்கா கூப்பிட்டார்.

"டேய், கொழும்புக்குப் போயிட்டியாமே? ரெண்டாவது லிஸ்ட்ல வந்துச்சா?"

ஒரு "இல்லக்கா" போதும். ரெண்டே சொல். ஆனால் வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். அவர்களில் மூன்று பேருக்கு இடம் கிடைத்திருந்தது. நான் வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைத்தவன். என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

"வந்துச்சுக்கா," என்றேன்.

அக்காவின் முகம் மலர்ந்த விதத்தை நான் எழுதப் போவதில்லை. பணிஸும் பிளேன்டீயும் வந்தன. கொப்பி திறந்தது. தலைநகரத்துப் பல்கலைக்கழகம் என்ற தலைப்பின் கீழ் அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் முதல் ஆள்.

நான் சொன்னதெல்லாம் முழுப் பொய் என்று சொன்னால் அதுவும் பொய். வகுப்பு முடிந்து மூன்று மணிக்கு மேல் எனக்குப் போக இடமில்லை. பல்கலைக்கழகம் பஸ்ஸில் கொஞ்ச தூரம். வாசல் காவலாளியைத் தாண்டுவதற்கு ஒரு கலை உண்டு: பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனில் "மச்சான், லெக்சர் தொடங்கிட்டாங்களா?" என்று கேட்டபடி, அவரைப் பார்க்காமல் நடக்க வேண்டும். போனில் ஒருவரும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்படி வாரத்தில் மூன்று நாள் உள்ளே போய் மரத்தடியில் இருப்பேன். கென்டீனில் றோல்ஸ் சாப்பிடுவேன். நாடகம் ஒத்திகை பார்க்கிற பிள்ளைகளைப் பார்ப்பேன். ஒரு நாள் பூப்பந்துக் கோர்ட்டில் ஆள் குறைந்தபோது என்னைக் கூப்பிட்டு விளையாடவும் விட்டார்கள். "எந்த பெகல்ட்டி?" என்று கேட்டபோது தண்ணீர் குடிக்கப் போனவன் திரும்பிப் போகவில்லை.

அந்த மூன்று மணி வாழ்க்கையை நான் அக்காவிடம் முழுநாள் வாழ்க்கையாக விரித்துச் சொன்னேன். விடுதியில் கடற்காற்று என்றேன். நூலகத்தில் குளிர் என்றேன். தமிழ்ப் பிள்ளைகள் நடத்துகிற விழா, விவாதம், நாடகம் என்றேன். கடைசியாக, கென்டீனில் பக்கத்து மேசையில் நான் உண்மையாகவே பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். காலையில் விரிவுரை, பின்னேரம் பஸ் ஏறிப் போய் வானொலியில் தமிழ்ச் செய்தி. சோற்றைப் பிசைந்துகொண்டே அன்றைய செய்தியை வாய்க்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் கலப்படமில்லாத நிஜம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அக்காவுக்குத் தொண்டை கட்டவில்லை. ஆனாலும் தர்ஷினி வந்து கொப்பியை வாங்கிக்கொண்டாள். அவளே வாசித்தாள். வானொலி வரிக்கு வந்தபோது செய்திக் குரல் போய்விட்டது. சாதாரணக் குரலில், இரண்டு தடவை வாசித்தாள். "சரியாண்ணா?"

"சரி," என்றேன், பணிஸ் வாயோடு.

அடுத்த வருடம் அவளுக்கு முடிவு வந்தது. நல்ல புள்ளி. கண்டியில் இருந்து சோற்றுப் பார்சலோடு போய் வரக்கூடிய, ஆற்றங்கரையில் இருக்கிற பெரிய பல்கலைக்கழகமும் கிடைக்கும், கொழும்பும் கிடைக்கும். அவள் பென்சிலால் முதல் இடத்தில் கொழும்பை எழுதி வைத்திருந்தாள். நான் லீவில் வந்து கடைக்குள் கால் வைத்ததும் ஓடி வந்தாள்.

"அண்ணா, நான் அங்கதான் வரப்போறேன். மொத நாள் நீங்கதான் எல்லாம் காட்டணும். அம்மா ஒங்கள நம்பித்தான் விடுறாங்க."

முதல் நாள் அவள் வருவாள். பெகல்ட்டியில் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்பாள். "அப்படி ஒருத்தர் இல்லையே," என்பார்கள். அந்தச் செய்தி கண்டிக்கு வர இன்டர்சிட்டி ரயில்கூட வேண்டாம்.

அப்போது நான் யோசித்தது முழுக்க என்னைப் பற்றி. பத்து நிமிடம் வெளியே போய் செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றேன். பிறகு உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, கொஞ்சம் ஞாபகம் வந்துச்சு. போன தடவ சொல்லாம விட்டுட்டேன்," என்றேன்.

அக்கா கொப்பியைத் திறந்தார். பழைய பக்கத்தின் அரைப் பக்கத்தில் எழுதுவார் என்று நினைத்தேன். நான் சொல்ல ஆரம்பித்ததும், "இது வேற மாதிரிச் சேதியா இருக்கு. வேற பக்கம் போடுறேன்," என்று தாளைப் புரட்டினார்.

விடுதியெல்லாம் சும்மா, கிடைக்காது என்றேன். போர்டிங்கில் எட்டுப் பேருக்கு ஒரு குழாய் என்றேன். புதிதாக வருகிற பிள்ளைகளை மழையில் நிறுத்தி வைப்பார்கள் என்றேன். பின்னேரமானால் பொம்பளப் பிள்ளைகள் வெளியே இறங்க முடியாது என்றேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தர்ஷினி மெஷினை நிறுத்திவிட்டு வந்து கேட்டாள்: "அப்ப அந்த ரேடியோ அக்கா?"

"அதெல்லாம் சும்மா. கெம்பஸ் பிள்ளைகள அங்க எடுக்கிறதே இல்ல. அவ சொந்தக்காரங்க யாரோ இருந்தாங்க," என்றேன்.

யாரோ என்றேன். அக்கா பேர் கேட்கவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையில் அந்த ஒரு தடவை விட்டுவிட்டார்.

வாசித்துக் காட்டினார். "சரியா?"

என் சொற்கள்தான். அவர் குரலில் கேட்டபோது ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த விறகு மாதிரி இருந்தது.

"சரிக்கா."

சரி அடையாளம் விழுந்தது. பெயர். நான் படிப்பதாகச் சொன்ன முகாமைத்துவம், இரண்டாம் வருடம். கீழே அரைப் பக்கம்.

அன்று பின்னேரமே விண்ணப்பத்தைப் பேனையால் நிரப்பினார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். நல்லவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பென்சில் எழுத்தை அழித்து, ஆற்றங்கரையை முதலில் எழுதி, கொழும்பை எங்கோ கடைசிக்குப் பக்கத்தில் போட்டார் அக்கா. சொந்த மகள் என்றும் பார்க்கவில்லை. கொப்பி திறந்திருந்ததால் "நீங்க" என்றுதான் கேட்டார்.

"ஒங்க விருப்பம் வாசிக்கிறேன். ஒண்ணு..." என்று முழு வரிசையையும் வாசித்தார். "சரியா?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆபத்திலிருந்து காப்பாற்றியவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"சரிம்மா," என்றாள்.

போகும்போது, "தேங்க்ஸ்ணா," என்றும் சொன்னாள்.

அவளுக்குக் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் பலமுறை எனக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறேன். ஆற்றங்கரையில் படித்தாள். நன்றாகவே படித்தாள். காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் பஸ்ஸில் வந்து, அதே மெஷினுக்கு அதே பேப்பரைப் போட்டாள். பட்டம் வாங்கிக் கலகெதரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனாள். கொழும்புக்குப் போயிருந்தாலும் வானொலியில் எடுத்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? ஒரு நிச்சயமும் இல்லை. ஆனால் பஸ்ஸில் செய்தி நேரம் வந்து ஒரு பெண் குரல் "வணக்கம்" என்றால், நான் சில்லறை தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொள்வேன்.

டிப்ளோமா முடிந்து கண்டிக்கே வந்து ஒரு லீசிங் கொம்பனியில் சேர்ந்தேன். அக்கா கடை இருந்த பக்கம் நடப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் நடப்பேன்; அதுவும் குடையை அந்தப் பக்கம் சாய்த்து. நல்ல வெயிலிலும். போட்டோ கொப்பி எடுக்க மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடைக்குப் போவேன். அந்தக் கடைக்காரன் மெஷினில் எது போட்டாலும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு விழும். என் அடையாள அட்டைக் கொப்பிகள் எல்லாவற்றிலும் என் முகம் இரண்டாகப் பிளந்திருக்கும். பொருத்தம்தான் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு வங்கி வேலைக்கு நேர்முகம் வந்தது. சான்றிதழ்க் கொப்பி மூன்று, கோடில்லாமல், அன்றைக்கே வேண்டும். பெரஹரா ஊர்வலக் காலம். மார்க்கெட் பக்கத்துத் தெருவை அடைத்துவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குடையைச் சுருக்கிக்கொண்டு அக்காவின் கடைப் படியேறினேன்.

அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. மெஷின் புதிது. கதிரைகள் அதே. விண்ணப்பக் காலமும் அதுதான் போலிருக்கிறது. ஒரு தாயும் மகளும் கைநூலை விரித்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள்.

"வா தம்பி. எங்க ஆளையே காணோம்?"

"வேலக்கா," என்று சான்றிதழை நீட்டினேன். திருப்பிப் பிடித்து நீட்டினேன், எழுத்து கீழே போகிற மாதிரி. மெஷினில் அப்படித்தானே வைக்க வேண்டும் என்பது போல.

அக்கா அதை நிமிர்த்தினார். எழுத்து என்று எது கையில் வந்தாலும் வாசிக்காமல் விடுகிற மனுசி இல்லை. நிறுவனத்தின் பெயரை வாசித்தார். என் பெயரை வாசித்தார். வருடங்களை வாசித்தார். நான் முதலாம், இரண்டாம் வருடம் வேறெங்கோ படித்ததாக அவர் கொப்பி சொல்கிற அதே வருடங்கள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்தன?"

"மூணு."

"மூணு. சரியா?"

"சரிக்கா."

எடுத்துத் தந்தார். ஒரு கோடு இல்லை. அதைப் பைலுக்குள் வைத்துக்கொண்டு நான் திரும்பும்போதுதான் அந்தத் தாய், "அக்கா, இவ கொழும்புதான் வேணுங்கிறா. எனக்குப் பயமா இருக்கு. அங்க எப்பிடி?" என்று கேட்டாள்.

அக்கா அலுமாரியைத் திறந்தார். அதற்குள் ஏழெட்டுக் கொப்பிகள் சேர்ந்திருந்தன. கொழும்பைப் பற்றி எனக்குப் பிறகு எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அவர் அடியிலிருந்த பழைய கொப்பியை எடுத்தார். பக்கம் தேடவில்லை. நேராகத் திறந்தார்.

"எல்லாருடையதும் வாசிக்கிறேன். கேட்டுட்டு முடிவெடுங்க. மொதல்ல இது," என்று என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். "'போர்டிங்ல எட்டுப் பேருக்கு ஒரு கொழா. புதுப் பிள்ளைகள மழையில நிறுத்தி வைப்பாங்க...'"

அந்தப் பிள்ளை கைநூலில் விரலை வைத்தபடியே இருந்தாள். விரல் மெதுவாக மடங்குவதைப் பார்த்தேன். தாய், "நான் சொன்னேன்ல?" என்றாள்.

எனக்கு முன்னால் படி இருந்தது. தெரு இருந்தது. சனக்கூட்டத்தில் கரைந்து போயிருக்கலாம். நின்றுவிட்டேன். நல்ல குணத்தால் அல்ல. பக்கத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்துவிட்டேன். வெள்ளையாக இருந்தது. அத்தனை வருடமும் அப்படியே.

"அக்கா, அதுல கொஞ்சம் சேர்க்கணும்," என்றேன்.

அவர் பேனையை எடுத்தார். "சொல்லுங்க."

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில், பகிடியாக ஆரம்பித்து, நடுவில் பகிடி தீர்ந்துபோய், எப்படியோ முடித்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் வாசித்தார். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"'ஹி ஹி. அது சும்மா பகிடிக்குச் சொன்னதுக்கா. நான் அங்க படிக்கவே இல்ல. ரெண்டாவது லிஸ்ட்லயும் எனக்குக் கிடைக்கல. பின்னேரத்துல உள்ள போய் மரத்தடியில இருப்பேன், அவ்வளவுதான். கொழா, மழை ஒண்ணும் எனக்குத் தெரியாது. தர்ஷினி அங்க வந்தா நான் மாட்டிக்குவேன். அதுக்குத்தான் சொன்னேன். ரேடியோ அக்கா நிஜம். நான் கண்ணால பார்த்தேன்.' சரியா?"

ஹி ஹியையும் எழுதியிருந்தார். அதை வாசித்தும் காட்டினார், சிரிக்காமல். வாழ்நாளில் நான் அடித்த பகிடிகளிலேயே அதற்குத்தான் ஒருவரும் சிரிக்கவில்லை.

"சரிக்கா."

"பேருக்குக் கீழ என்ன போட? முன்னால முகாமைத்துவம், இரண்டாம் வருடம்னு போட்டிருக்கு."

"சேலைக் கடைக்கு மேல் மாடி," என்றேன்.

"'சேலைக் கடைக்கு மேல் மாடி.' எத்தனையாம் வருடம்?"

"முதலாம் வருடம்," என்றேன். உண்மை சொல்லப் பழகுவதில் அதுதான் கணக்கு.

எழுதினார். சரி அடையாளம் போட்டார். அந்தப் பிள்ளையின் விரல் மறுபடி நீண்டிருந்தது. தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் திருடன் என்று இறங்கும்போது தெரிந்துகொண்டவள் மாதிரி.

அக்கா கொப்பியை மூடினார். மட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"தர்ஷினி அஞ்சு மணிக்கு வருவா. பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்கதான் வருவா," என்றார். "இருக்கிறியா தம்பி? பிளேன்டீ போடச் சொல்றேன்."

சுவர் மணிக்கூட்டில் நாலு இருபது. கதிரை காலியாக இருந்தது. நாற்பது நிமிடம்.

"இல்லக்கா, நாலரைக்கு பஸ். அத விட்டா வேற இல்ல," என்றேன்.

என் வீடு கட்டுகஸ்தோட்டையில். அங்கே அஞ்சு நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது. கண்டியில் நாய்க்கும் பூனைக்கும் தெரியும்.

அக்கா கொப்பியை மறுபடி திறந்தார். புதுப் பக்கம்.

"'நாலரைக்கு பஸ். அத விட்டா வேற இல்ல,'" என்று எழுதியபடியே வாசித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரியா?"

"சரிக்கா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அடையாளம் போட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. பேனையைப் பிடித்தபடியே இருந்தார். கீழே அரைப் பக்கம் விட்டிருப்பார்.